செதிலோடு சாப்பிடும் மீன்

முட்டைக்கு வரிசையில் நின்ற அந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. ஆளுக்கு ஒரு தட்டுதான் என்று கடைக்காரர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார். கோழி விலையைக் கேட்டால் சைவமாகிவிடலாமா என்று தோன்றும். எங்கள் ஈப்போ ஜெலாப்பாங் அடுக்குமாடியில் மேல் வீட்டுக்காரர் ஒருவர் முட்டைத் தட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படியேறுவார். "வழி விடுங்கலா, சாமி வருது!" என்று கத்துவார். நாங்களும் சுவரோடு ஒட்டி நின்று கும்பிடுவோம். அந்த வருஷம் சிரிப்புக்கு மட்டும் தட்டுப்பாடு இல்லை.

எனக்கு வேலை இல்லை. கிருமிக் காலத்தில் கையுறை ஃபேக்டரி எங்களை இராப்பகலாக வேலை வாங்கியது. உலகம் கையுறையைக் கழற்றியதும் எங்களையும் கழற்றிவிட்டது. மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். கணவருக்கு லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் அட்டெண்டன் வேலை. மகள் பள்ளியில் ஐந்தாம் படிவம். வீட்டிலிருந்த அலமாரியை எல்லாம் நான் துடைத்துத் துடைத்து, "அம்மா, இன்னும் தொடச்சா பெயிண்ட் வந்துரும்லா" என்று மகளே சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன்.

கீழ் மாடியில் ஓர் அக்கா. ஈப்போவில் சுண்ணாம்பு மலை ஓரத்துப் பங்களா ஒன்றில் பதினோரு வருஷமாகச் சமையல் செய்கிறவர். அந்த வீட்டுக்காரருக்குச் சுல்தான் கொடுக்கும் டத்தோ பட்டம் கிடைத்த நாளிலிருந்து அவர் மனைவியும் டத்தின். இரண்டு பேரும் நம் ஆட்கள்தான். டத்தோவின் அப்பா கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் என்று அக்கா சொல்லியிருக்கிறார். இப்போது அந்த வீட்டில் எத்தனை குளியலறை என்று அக்காவுக்கே சரியாகத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஏய், ஞாயித்துக்கெழம மத்தியானம் அங்க பெரிய சாப்பாடு. டத்தின் இன்னொரு ஆளு தேடுறாங்க, நிரந்தரமா. ஒன்னப் பத்திச் சொல்லிட்டேன். அன்னைக்கு வந்து கை காமி. புடிச்சிருந்தா வேலை ஒனக்கு."

"புடிக்கலன்னா?"

"புடிக்கலன்னா ஒன் மூஞ்சியும் போச்சு, என் மூஞ்சியும் போச்சு. ரெண்டு பேரும் மறுபடியும் மாஸ்க்கப் போட்டுக்கிட்டு நடப்போம்."

சனிக்கிழமை இரவு நான் தூங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து கை பரபரத்தது. ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. மாதாவிடம் மட்டும், "இன்னைக்கு ஒரு நாள் மன்னிச்சிரும்மா, அடுத்த வாரம் ரெண்டு பூசைக்கும் வாரேன்" என்று சொல்லிவிட்டு அக்காவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். சாலை முழுக்க அக்கா பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி என் காதுக்கு வரவில்லை. வந்தது ஒன்றுதான்: "கேக்காம எதையும் தொறக்காத, கேக்காம எதையும் நக்காத."

அந்த அடுப்படியைப் பார்த்ததும் பொறாமையில் வெந்தேன் என்று எழுதினால் உங்களுக்கு நன்றாக இருக்கும். எனக்கு வந்தது குதூகலம்தான். முதல் தடவை சர்க்கஸ் பார்க்கிற பிள்ளைக்கு வருமே, அது. இரண்டு ஆள் உயரத்துக் குளிர்ப்பெட்டி. அக்கா அதைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கடல் அட்டை ஊறிக்கொண்டிருந்தது, எங்கள் ஃபேக்டரி ரப்பர் மாதிரியே வழவழவென்று. சூப் வைக்கிற பறவைக்கூடு ஒரு டப்பாவில். ஜப்பானிலிருந்து வந்த முலாம்பழம் ஒன்று, தனி மரப்பெட்டியில், மெல்லிய காகிதம் சுற்றி, காம்பைக்கூட வெட்டாமல், பிறந்த பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கிண்ணத்து ஐஸ்கட்டிக்கு நடுவே, என் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகர டப்பா.

"அக்கா, இது என்ன, கறுப்பு சவ்வரிசியா?"

"மீன் முட்டைடி. வெள்ளக்காரன் சாப்பாடு. நகத்தளவு எடுத்து ரொட்டியில தடவித் தின்னுவாங்க."

"வெளிய கோழி முட்டைக்கு அடிதடி நடக்குது. இங்க மீன் முட்ட ஐஸ் மெத்தையில படுத்திருக்கு!"

"சத்தமாப் பேசாத. மொறச்சிப் பாக்காத. வெங்காயத்த உரி."

உரித்தேன். இஞ்சியை முடி மாதிரி நறுக்கினேன். வெங்காயத் தாளை நீளமாகச் சீவித் தண்ணீரில் போட்டேன், அது அழகாகச் சுருண்டது. டத்தின் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். பட்டுச் சுடிதார், தலையில் இன்னும் கழற்றாத இரண்டு முடிச் சுருட்டிகள். என் இஞ்சியைப் பார்த்துவிட்டு, "ம், கை நல்லா போகுது" என்றார். அக்கா எனக்குக் கண்ணடித்தார். பாதி வேலை கிடைத்துவிட்டது என்று மனசு துள்ளியது.

வரப்போகிற விருந்தாளி கல் குவாரிச் சீன முதலாளி ஒருவர் (தவ்கே என்போம்), அவர் மனைவி, கூட இன்னொரு ஜோடி. தவ்கேயோடு டத்தோ ஏதோ பங்குத் தொழில் பேச வேண்டும். அதற்காகத்தான் மீன். ஒரு வாரமாக அந்த மீனைப் பற்றித்தான் டத்தோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாராம். கெலா மீன். ஆற்று மீன்களில் ராஜா என்று அக்கா சொன்னார். தாப்பா பக்கத்தில் யாரோ குளத்தில் வருஷக்கணக்கில் வளர்த்தது. என்ன விலை என்று அக்கா என் காதில் சொன்னார். சொன்னதும் நான் இரண்டு அடி பின்னால் நகர்ந்தேன்.

பத்து மணிக்கு மீன்காரர் வந்தார். மலாய்க்கார இளைஞர். பின்பக்கத் தொட்டியில் வைத்தே மீனின் வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, தட்டில் கிடத்திவிட்டு, மோட்டாரில் பறந்துவிட்டார். அக்கா தட்டை என் பக்கம் தள்ளினார். "பாத்துக்க, நான் மேசையப் போட்டுட்டு வாரேன்" என்று முன்கூடத்துக்குப் போனார்.

அந்த மீனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! என் முழங்கை நீளம். பழைய செப்புக் காசுகளை வரிசையாக அடுக்கி ஒட்டியது போல உடம்பு முழுக்கச் செதில். ஒவ்வொன்றும் பாட்டில் மூடி அளவு. நான் பார்த்தேன். எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: 'குடலை எடுத்திருக்கான், செதிலை எடுக்காம போயிட்டான் பாரு, சோம்பேறி!'

இதைப் படிக்கிற எந்தத் தமிழ்ப் பெண்ணும் அந்த இடத்தில் நின்றிருந்தால் செய்திருப்பதைத்தான் நானும் செய்தேன். செதில் இருக்கிற மீனைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க நம் கைக்குத் தெரியாது. கத்தியைத் திருப்பிப் பிடித்து, வாலிலிருந்து தலைக்குச் சரக் சரக் என்று சுரண்டினேன். பத்தே நிமிஷம். மீன் குளித்து வந்த பிள்ளை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அதோடு விட்டேனா? கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து மூன்று தண்ணீரில் அலசினேன். செதிலை நாளிதழில் சுற்றி, செடிக்கு நல்ல எருவாகும் என்று பின்னால் கறிவேப்பிலை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன். சொல்லாமலே செய்துவிட்டேன், அக்கா பாராட்டப் போகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அக்கா வந்தார். மீனைப் பார்த்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"செதில் எங்கடி?"

"எடுத்துட்டேன்க்கா."

"எடுத்துட்டியா?"

"ஆமாக்கா. சுத்தமா."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். "அடிப்பாவி, அந்த மீனுக்கு வெலையே செதிலுக்குத்தான்டி! கெலாவ செதிலோடதான் அவிக்கணும். செதில மென்னு தின்னுறதுதான் அதுல பெரும. டத்தோ ஒரு வாரமா அந்தச் செதிலப் பத்திதான் தவ்கேகிட்ட பேசிக்கிட்டு இருக்காரு!"

செதிலைத் தின்பார்களா? என் நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாகக் கேள்விப்பட்டேன். மீன் வாங்கினால் செதிலை எடுத்துக் கொடு என்று மார்க்கெட்டில் சண்டை போடுகிற இனம் நாம். பணக்காரர்கள் அதற்குத் தனியாக விலை கொடுத்து மெல்லுகிறார்கள் என்றால் எனக்கு எப்படித் தெரியும்? மூன்று மாத அலமாரி துடைப்பும் மகளின் முகமும் கண்ணுக்கு முன்னால் ஓடின. வேலை போயிற்று. அதைவிட, அக்காவின் பதினோரு வருஷப் பேர் என் கத்தியில் போயிற்று.

"செதில் எங்க வச்சிருக்க?" என்று அக்கா திடீரென்று எழுந்தார்.

இரண்டு பேரும் பின்பக்கம் ஓடினோம். பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை ஒன்று பொட்டலத்தின் மேல் முன்காலை வைத்து, சாவகாசமாகக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. "சூ!" என்று அக்கா செருப்பைக் கழற்றி எறிந்தார். செருப்பு பூந்தொட்டியில் பட்டு, தொட்டி உருண்டது. பூனை பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வேலி ஓரம் பாய்ந்தது. நான் புல்லில் விழுந்து, காகிதத்தின் மறு நுனியைப் பிடித்துவிட்டேன். பூனை இழுக்க, நான் இழுக்க, "மாதாவே, மாதாவே" என்று வாய் பாட்டுக்குச் சொல்ல, கடைசியில் பூனைக்கே என்மேல் இரக்கம் வந்து விட்டுவிட்டது.

எழுந்து திரும்பினால் டத்தின் நிற்கிறார். சுருட்டிகள் இல்லை. தயாராகிவிட்டார்.

அக்கா ஏதோ மழுப்பப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சுரண்டியது, மஞ்சள் தடவியது, பூனை, எல்லாம். "அக்கா மேல தப்பில்ல டத்தின், அவங்க முன்னால இருந்தாங்க. நான்தான்."

டத்தின் பொட்டலத்தைப் பார்த்தார், என் முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். "அந்தச் செதில என்னால மெல்லவே முடியாதுமா. பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். இதுக்கு முன்ன சாப்பிட்ட மூணு தடவயும் டிஷ்யூல துப்பி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்து, பயத்தில் உள்ளேயே நின்றது.

"ஆனா டத்தோவுக்குத் தெரியாது. செதில் இல்லாம அந்த மீன் மேசைக்குப் போனா, தவ்கே முன்னாடி அவரு மானம் போயிரும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. என்னமாச்சும் பண்ணுங்க."

என்னத்தைப் பண்ணுவது? திருப்பி ஒட்டவா முடியும்? அப்போதுதான் எனக்குப் புந்தோங் வட்டாரத்துக் கச்சான் பலகாரக் கடைகள் ஞாபகத்துக்கு வந்தன. கடலை, முறுக்கு, பகோடா என்று எண்ணெயில் போட்டால் எதுவும் மொறுமொறுவென்று ஆகிவிடும், ஆனபின் யாருக்கும் கை நிற்காது.

"பொரிச்சிருவோம்க்கா."

"எத?"

"செதில."

அக்கா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். டத்தின்தான், "சட்டிய வைங்க" என்றார்.

ஐந்து தண்ணீரில் அலசினோம். எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு செதிலாகத் துணியில் ஒற்றினோம். ஈரம் இருந்தால் எண்ணெய் முகத்துக்கே வரும். டத்தின் வளையலைக் கழற்றிவைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து ஒற்றினார். "அடுப்படியில என் கை பட்டு எத்தன வருஷமாச்சு" என்று அவரே சொல்லிக்கொண்டார். அரிசி மாவு, சோள மாவு, உப்பு, மிளகுத் தூள். கொதிக்கிற எண்ணெயில் ஒரு பிடி போட்டேன். படபடவென்று வெடித்தது! அக்கா மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். செதில்கள் ஒவ்வொன்றும் சுருண்டு, பூவாக விரிந்து, பொன்னிறமாக மேலே வந்தன. ஒன்றை எடுத்து டத்தின் கடித்தார். கறுக்! கண் அகலமானது. இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதுக்குக் கை நீட்டியபோது அக்கா தட்டையே நகர்த்திவிட்டார். "டத்தின், மேசைக்கு இருக்கட்டும்."

மீனை அக்கா இஞ்சியோடு ஆவியில் வைத்தார். மஞ்சள் எவ்வளவு அலசியும் போகவில்லை. கன்டனீஸ் சீனர் பாணியில் வெள்ளையாக வரவேண்டிய மீன் லேசாகப் பொன் பூசிக்கொண்டு வெளியே வந்தது. அதன்மேல் சோயாவும் சுடு எண்ணெயும் ஊற்றி, பொரித்த செதிலை மலையாகக் கொட்டி, சுருண்ட வெங்காயத் தாளைத் தூவினோம். நான் தட்டின் ஓரத்தைத் துடைத்துக் கொடுத்தேன். அக்காவே கொண்டுபோனார். நான் கதவு இடுக்கில் கண்ணை வைத்தேன்.

டத்தோ அப்போதுதான் செதில் பிரசங்கத்தை முடித்திருந்தார். அவ்வளவு பெரிய மனிதர், தட்டைப் பார்த்ததும் முகம் பாதி விழுந்தது. அவர் வாய் திறப்பதற்குள் தவ்கே ஒரு செதிலை எடுத்து வாயில் போட்டார். கறுக். கதவுக்குப் பின்னால் எனக்கே கேட்டது.

"வாஹ்! மாச்சாம் கெரோப்போ லா!" என்றார். மீன் அப்பளம் மாதிரி இருக்கிறதாம். இன்னொன்று. அவர் மனைவி ஒன்று. பிறகு கறுக் கறுக் என்பதுதான் பேச்சு. ஐஸ் மெத்தையில் படுத்திருந்த கறுப்பு முட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலை கரைந்தது. கடைசிச் செதிலுக்குத் தவ்கேயும் அவர் மனைவியும் சாப்ஸ்டிக்கால் சண்டை போட்டுக்கொண்டார்கள். "இந்த மாதிரி எங்கயும் சாப்பிட்டதில்ல, ஒங்க கோக்கி ரொம்ப கெட்டிக்காரன்" என்று தவ்கே மலாயில் சொன்னார். கோக்கி என்றால் சமையல்காரர். நான் அடுப்படியில் நின்ற இடத்திலேயே குதித்தேன்.

முலாம்பழம் போன பிறகு டத்தோ அடுப்படிக்கு வந்தார். அவர் அங்கே வந்து அக்காவே பார்த்ததில்லையாம். முகமெல்லாம் சிரிப்பு.

"யாரு யோசன அது?"

அக்கா என்னைக் கண்ணால் காட்டினார். "இவதான் டத்தோ, புது ஆளு. வேல கேட்டுக்கிட்டு வந்திருக்கா."

"அப்படியா! எங்கேம்மா கத்துக்கிட்ட?"

டத்தின் கதவோரம் நின்று எனக்குத் தலையை அசைத்தார். சொல்லாதே என்று அர்த்தம். ஒரு பொய்தான். சொன்னால் வேலை கையில். ஆனால் அடுத்த மீன் வருமே, ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் பொரிக்க வேண்டுமே என்று நினைத்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"கத்துக்கல டத்தோ. தெரியாம சொரண்டிட்டேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம பொரிச்சிட்டேன்."

சிரிப்பு நின்றது. "சொரண்டிட்டியா? கெலாவையா?" அவர் கழுத்து சிவந்தது. அக்கா தரையைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நான் கைப்பையைக் கண்ணால் தேடினேன்.

"அவள ஏன் மொறைக்கிறீங்க?" என்றார் டத்தின். "நானே மூணு தடவ துப்பியிருக்கேன். ஹேண்ட்பேக்ல."

"துப்புனியா? ஏன் சொல்லல?"

"அவ்ளோ வெல போட்டு வாங்கிட்டு நீங்க ஆசையா சாப்பிடுறீங்களே, எப்படிச் சொல்றது?"

டத்தோ கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். விருந்தாளிகள் தோட்டத்தில் இருந்தார்கள். மெதுவாகக் கதவைச் சாத்தினார். "நான் எங்க சாப்பிட்டேன்? மெல்லவே மாட்டேன். மாத்திர மாதிரி தண்ணிய ஊத்தி முழுங்கிருவேன்."

பிறகு டத்தின் சிரிக்க ஆரம்பித்தார். உடனே அக்காவும் சேர்ந்துகொண்டார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கடைசியாகச் சிரித்தேன், ஆனால் அதிக நேரம் சிரித்தது நான்தான்.

டத்தோ போன பிறகு டத்தின் என்னைத் தனியாக நிறுத்தினார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஒனக்கு வாய் நிக்காது போலயே. வீட்டு விஷயம் வெளிய போனா?"

"வாய் நிக்காதுதான் டத்தின். ஆனா வாயில பேர் வராது."

அவர் யோசித்தார். "திங்கள், புதன், வெள்ளி. ஏழரைக்கு இருக்கணும். அடுத்த கெலாவையும் சொரண்டிரு." சொன்ன வாக்கை நானும் காப்பாற்றியிருக்கிறேன். இத்தனை எழுதியும் ஒரு பேர் வரவில்லை, பாருங்கள்.

விருந்தாளிகள் செதிலைத் தின்று தீர்த்துவிட்டு, மீனில் பாதியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அக்காவும் நானும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டோம். உள்ளதைச் சொல்கிறேன், நல்ல மீன். வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. மிச்சத்தை டத்தினே தாப்பாவ் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கணவரும் மகளும் வாசலிலேயே நின்றார்கள்.

"என்னாச்சு?" என்றார் அவர்.

"மொதல்ல மீன்காரன் வந்தான்லா, அவன் என்ன பண்ணான்னா..."

"மீன்காரன விடு. வேல?"

"அதுக்குத்தான் வாரேன். ஒரு பூனை இருந்துச்சு..."

"அம்மா!" என்று மகள் காலைத் தரையில் உதைத்தாள். "கெடச்சுதா இல்லையா?"

"திங்கள், புதன், வெள்ளி!"

அவள் என் கையிலிருந்த மீன் பொட்டலத்தை வாங்கி அப்பாவிடம் திணித்துவிட்டு ஓடி, மாடி நடையின் தடுப்புக் கம்பியைப் பிடித்து எட்டிக் கத்தினாள்: "அம்மாவுக்கு வேல கெடச்சிருச்சு!" கீழே இருந்து இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. "எங்கலா?" "யாரு வீட்டுல?" "எப்படிக் கெடச்சது?" நானும் கம்பியோரம் போய் நின்று, தொண்டையைச் சரி செய்துகொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.